ஓர் உலை, இரண்டு தட்டு: ஒருவர் இளைக்கவும் ஒருவர் தேறவும் வேண்டிய வீட்டுக்கான சமையல் திட்டம்

எங்கள் வீடு மும்பையின் முலுண்டில் இருக்கிறது. நான் 157 செ.மீ. உயரம்; இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது என் எடை 70 கிலோ. என் கணவர் 173 செ.மீ. உயரம், 53 கிலோ. எனக்கு இளைக்க வேண்டியிருந்தது. அவருக்கு உடம்பு தேற வேண்டியிருந்தது. காலையில் காய் நறுக்குவது அவர் பொறுப்பு, அடுப்பு என் பொறுப்பு, ஏழரை மணிக்குள் இருவரும் ஸ்டேஷனில் இருக்க வேண்டும் என்ற கணக்கில் ஓடும் வீட்டில், முதல் மாதம் நாங்கள் செய்த தவறு இரண்டு சமையல் செய்தது. எனக்கு ஓட்ஸ் கஞ்சியும் காய்கறி சூப்பும், அவருக்கு உருளைக்கிழங்கு பராத்தாவும் பன்னீரும் என்று பதினைந்து நாள் நடந்தது. பதினாறாம் நாள் இருவரும் வெளியில் வாங்கிச் சாப்பிட்டோம். அதன் பிறகு கண்டுபிடித்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சமையல் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபாடு தட்டில்தான் தொடங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நெய், பொடி, நல்லெண்ணெய், தயிர், அப்பளம் என்று கலோரி மிகுந்த பொருள்களில் பாதியைப் பரிமாறும்போது சேர்க்கும் வழக்கம் நம் சமையலில் ஏற்கெனவே இருப்பதால், இதற்குப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

முதல் படி: மருத்துவரிடம் ஒரு முறை

மெலிந்தவரைத்தான் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். பொதுவாக வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பருமனாக இருப்பவர் பரிசோதனைக்குப் போகிறார், மெலிந்தவர் 'உடல்வாகு அப்படி' என்று விடப்படுகிறார். சிறுவயது முதல் ஒரே மாதிரி மெலிந்திருப்பது வேறு. எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பது வேறு. இரண்டாவது வகையில் சர்க்கரை நோய், மிகையாகச் சுரக்கும் தைராய்டு, காசநோய், குடல் உறிஞ்சுதலில் உள்ள கோளாறு ஆகியவற்றைப் பார்க்காமல் வெறுமனே நெய்யை ஊற்றிக்கொண்டிருப்பது ஆபத்தானது.

இளைக்க வேண்டியவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிப்பிரைடு வகை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சோற்றைக் குறைப்பதற்கு முன் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேச வேண்டும். இல்லாவிட்டால் லோக்கல் ரயில் கூட்டத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தக் கட்டுரையின் எண்களைப் பின்பற்றக் கூடாது.

இந்தியர்களுக்கான பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) எல்லைகள் உலகப் பொது எல்லைகளைவிடத் தாழ்வானவை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு. 23 முதல் மிகை எடை. 25 முதல் உடல் பருமன். என் கணக்கு 28-ஐத் தாண்டியிருந்தது, அவருடையது 17.7. இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. தேற வேண்டியவருக்குப் பின்னால் இந்த அளவு மிகவும் பயன்படும்.

இரண்டாம் படி: இடைவெளியைக் கணக்கிடுதல்

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், இருவரும் சாப்பிடுவதை எழுதுங்கள். அலுவலகத்துக் கட்டிங் சாயும் (அரைக் கிளாஸ் தேநீர்) அதனுடன் வரும் இரண்டு பிஸ்கட்டும் உட்பட எல்லாம் எழுதப்பட வேண்டும். எங்கள் வயதுக்கும் அலைச்சலுக்கும் எனக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,800 கலோரியும் அவருக்குச் சுமார் 2,100 கலோரியும் இருந்தால் எடை அப்படியே நிற்கும் என்று கணக்கு வந்தது. அதிலிருந்து நான் 400 குறைப்பது, அவர் 400 கூட்டுவது என்று முடிவு செய்தோம். ஆக என் இலக்கு 1,400, அவருடையது 2,500, இடைவெளி 1,100.

இந்த 1,100 என்ற எண்ணைப் பார்த்து முதலில் மலைத்தோம். பிறகு அதைத் தனிச் சமையல் வேண்டாத பொருள்களாகவே பிரித்துப் பார்த்தபோது, அது இவ்வளவுதான் என்று தெரிந்தது. காலையில் எனக்கு வைப்பதைவிட அவருக்கு இரண்டு இட்லி கூடுதல், சுமார் 110. இரு வேளையிலும் சேர்த்துச் சமைத்த சோறு 200 கிராம் கூடுதல், 260. சோற்றிலும் பருப்பிலும் மூன்று டீஸ்பூன் நெய், 120. வாழைப்பழம் இரண்டு, 200. வறுத்த வேர்க்கடலை 30 கிராம், 170. இரவில் ஃபுல் கிரீம் பால் 250 மி.லி., 220. கூட்டினால் 1,080. இவற்றில் ஒன்றுக்காகவும் கூடுதலாக ஒரு பாத்திரம் அடுப்பில் ஏறவில்லை. உங்கள் வீட்டு இடைவெளி வேறாக இருக்கும். ஆனால் இதே போன்ற ஒரு பட்டியலை உங்கள் வீட்டுப் பொருள்களைக் கொண்டு எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவதுதான் இந்தப் படியின் நோக்கம்.

மூன்றாம் படி: பொதுச் சமையலை மெலிதாக்குதல்

இரண்டு தட்டுக்கும் பொதுவான குழம்பும் பொரியலும் இளைக்க வேண்டியவரின் அளவுக்கே சமைக்கப்பட வேண்டும். சமைத்த பிறகு எண்ணெயைச் சேர்க்க முடியும்; கலந்துவிட்ட எண்ணெயை எடுக்க முடியாது. இந்த ஒரு காரணம் போதும்.

அளவுக்கரண்டி இல்லாமல் இந்தப் படி நடக்காது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் சுமார் 40 கலோரி. தாளிப்புக் கரண்டியில் கண்ணளவாக ஊற்றும்போது அது எளிதாக மூன்று டீஸ்பூனாகிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் மாதத்துக்கு இரண்டரை லிட்டர் எண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. அது ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 கிராம். மாதத் தொடக்கத்தில் ஒரே ஒரு லிட்டர் வாங்கி, அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று வைத்துக்கொண்டபோது ஆளுக்கு 15 கிராம் ஆனது. சமையலுக்கு மௌசி, அதாவது வேலைக்கார அம்மா, வரும் வீடுகளில் 'எண்ணெய் குறைவாக' என்று சொல்வதால் பயனில்லை. அன்றைய எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டுப் போவது ஒன்றே வழி.

ஒவ்வொரு பதார்த்தத்திலும் அது பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. கூட்டில் அது தேங்காய் அரைத்து விடுவதற்கு முந்தைய நிமிடம். காயும் பருப்பும் வெந்ததும் என் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் தேங்காய் விழுதைச் சேர்க்கிறேன். பொரியலில் தேங்காய்த் துருவல் சட்டியில் விழுவதே இல்லை. மேசையில் தனிக் கிண்ணத்தில் இருக்கிறது. வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் ஒரு டீஸ்பூன் நெய்யில் பொரிந்து எல்லோருக்குமாகச் சேர்கின்றன. முந்திரி வறுத்த நெய் அவர் தட்டின் மேல் மட்டும் விழுகிறது. தோசைக்கு ஒரே மாவு: என் தோசை, பாதியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்த கல்லில் வேகிறது, அவருடையது நல்லெண்ணெய் சுற்றிவிட்டு மிளகாய்ப் பொடி தூவி வருகிறது. சாம்பார், ரசம், கீரை மசியல், இட்லி ஆகியவற்றை நன்றாகச் சமைத்தாலே போதும். பிரிக்க வேண்டியதே இல்லை.

சில பதார்த்தங்கள் இந்த விதிக்கு உடன்படுவதில்லை. வற்றல் குழம்பை எண்ணெய் குறைத்து வைத்தால் அது வற்றல் குழம்பாக இருப்பதில்லை. இரண்டு டீஸ்பூனில் வதக்கிய கத்தரிக்காய்க்கும் அதே கதிதான். இவற்றைத் திருத்த முயன்று கெடுப்பதைவிட, பத்து நாளுக்கு ஒரு முறை முறைப்படி செய்து, நான் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது மேல் என்பது என் தீர்மானம்.

நான்காம் படி: புரதம் மட்டும் இருவருக்கும் ஒரே அளவு

இதில் பிரிவினையே கூடாது. இளைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். தேறுபவருக்கு ஏறும் எடை தொப்பையாக இல்லாமல் தசையாக இருக்கப் புரதம் வேண்டும், அத்துடன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ தண்டால் பஸ்கியோ வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அது ஆரோக்கியமான சராசரி மனிதருக்கானது. பயிற்சி செய்பவர் என்பதால் அவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராம், அதாவது 64 கிராம் என்று வைத்துக்கொண்டோம். எனக்கும் ஏறக்குறைய அதே 65 கிராம் என்று முடிவு செய்ததால் கணக்கு எளிதாகிவிட்டது.

65 கிராம் என்பது நம் வழக்கமான சமையலில் தானாக வருவதில்லை. ஆளுக்கு 30 கிராம் துவரம்பருப்பு போட்டு வைத்த சாம்பாரில் கிடைப்பது ஆறு, ஏழு கிராம்தான். முட்டை ஒன்றுக்கு 6 கிராம். தயிர் 200 கிராமுக்கு மீண்டும் ஆறு, ஏழு. உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமுக்கு 15. பன்னீர் 50 கிராமுக்கு 9. அரிசியிலும் கோதுமையிலும் வருவது மீதி. ஆகவே ஒவ்வொரு வேளையும் தட்டைப் பார்த்து, 'இதில் புரதம் எங்கே' என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அடையும் முளைகட்டிய பயற்றுத் தோசையும் வாரத்தில் இரண்டு நாள் வருவது இதற்காகத்தான். மீன் உண்பவர்களுக்கு மும்பையில் கவலையில்லை. பாங்டா என்று இங்கே விற்கப்படும் கானாங்கெளுத்தி விலையும் குறைவு, புளிக்குழம்புக்கும் ஏற்றது.

புரதப் பொடி டப்பாக்களைப் பற்றி அவருடைய உடற்பயிற்சிக் கூடத்தில் நிறையப் பேசுகிறார்கள். மேற்கண்ட நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. எங்கள் வீட்டில் பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும் எள்ளும் சேர்த்து இடித்த பொடி அந்த இடத்தில் இருக்கிறது.

ஐந்தாம் படி: உண்ணும் வரிசையை எதிரெதிராக்குதல்

ஒரே உணவை இருவர் உண்ணும்போது அளவைப் போலவே வரிசையும் வேலை செய்கிறது. நான் முதலில் ஒரு கிண்ணம் ரசமோ மோரோ குடித்து, பிறகு பொரியலையும் கூட்டையும் பாதி முடித்து, அதன் பின் அளந்த ஒரு கிண்ணம் சோற்றைச் சாம்பாரோடு எடுக்கிறேன். வயிற்றில் இடம் குறைந்துவிடுவதால் இரண்டாவது சோறு கேட்கத் தோன்றுவதில்லை. அவர் இதற்கு நேர்மாறு: முதலில் பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, பிறகு சாம்பார்ச் சோறு, காய் இடையிடையே, ரசமும் தண்ணீரும் கடைசியில். மெலிந்தவர்கள் பலரும் சாப்பாட்டுக்கு முன் தண்ணீரையோ தேநீரையோ குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். அதை நிறுத்தியதே அவருக்கு முதல் மாதத்தில் பெரிய மாற்றமாக இருந்தது.

காயே வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. காய் அவருக்கும் உண்டு. அது சோற்றின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பது மட்டுமே.

அவர் தட்டில் ஒரே தடவையில் மலைபோல் குவித்தால் பாதி மிஞ்சும். சிறிதாக வைத்து, இரண்டாம் முறை கேட்டு வைக்க வேண்டும். மிஞ்சுவதைப் பற்றிச் சொல்லும்போது ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: என் எடைக்கு நான் சாப்பிட்ட சோற்றைவிட, 'வீணாகிறதே' என்று எடுத்து உண்ட அவருடைய மிச்சம்தான் காரணம் என்பது அந்த ஒரு வாரக் குறிப்பேட்டில்தான் தெரிந்தது. இப்போது மிச்சம் மூடி போட்டுக் குளிர்பெட்டிக்குப் போகிறது. மறுநாள் காலை அவருக்கே தாளித்த சோறாகத் திரும்பி வருகிறது.

ஆறாம் படி: டப்பாவும் மாலை ஏழு மணியும்

மதியத்துக்கு இருவர் டப்பாவிலும் ஒரே சமையல்தான். என் டப்பாவின் பெரிய அடுக்கில் காய், சிறிய அடுக்கில் சோறு அல்லது இரண்டு சப்பாத்தி. அவருடையதில் அடுக்குகள் இடம் மாறியிருக்கும். அவர் பையில் கூடுதலாக ஒரு சிறு டப்பா உண்டு: வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும்.

உண்மையான சோதனை மாலையில் வருகிறது. அவர் அந்தேரியிலிருந்து மெட்ரோவில் காட்கோபர் வந்து ரயில் மாறுகிறார். நான் தாதரில் ஏறுகிறேன். இரவு எட்டரைக்குத்தான் வீடு. அந்த நேரத்தில் எனக்குப் பசி, ஸ்டேஷன் வாசலில் வடா பாவின் மணம். ஒரு வடா பாவ் சுமார் 300 கலோரி, அதாவது நான் நாள் முழுவதும் குறைத்ததில் முக்கால் பங்கு. அவருக்கோ அந்த நேரத்தில் பசி செத்துப்போய், இரவில் 'லைட்டா ஏதாவது போதும்' என்பார். இருவருக்கும் மருந்து ஒன்றுதான்: ஐந்தரை மணிக்கு, அலுவலகத்தை விட்டு இறங்குவதற்கு முன், கொண்டுபோனதைத் தின்றுவிட வேண்டும். எனக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணமும் ஒரு கொய்யாவும். அவருக்கு அந்தக் கடலை டப்பாவும் வாழைப்பழமும். திட்டத்தில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஏழாம் படி: சனிக்கிழமைச் சந்தையும் ஞாயிற்றுக்கிழமை மாவும்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஸ்லோ ரயிலில் மாட்டுங்காவுக்குப் போகிறோம். வாழைப்பூ, முருங்கைக்காய், வெண்பூசணி, சுண்டைக்காய் வற்றல், நேந்திரம்பழம் என்று எல்லாம் ஸ்டேஷனை ஒட்டிய கடைகளிலேயே கிடைக்கும். நீர்க்காய்கள் எனக்கு வயிறு நிரப்பும், நேந்திரம்பழம் அவருக்கு. பால் மட்டும் இரண்டு வகை வாங்குகிறோம்: 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் அவருக்கும், 3 சதவீதமுள்ள டோன்டு தேநீருக்கும் என் தயிருக்கும். வீட்டில் இரண்டு வகையாக இருப்பது அநேகமாக இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி மாவும் அடை மாவும் அரைத்தாகிவிட்டால் வாரத்தின் நான்கு வேளை தீர்ந்தது. திங்கள் இட்லி, புதன் தோசை, இடையில் ஓர் இரவு அடை, சனிக்கிழமை இரவு எஞ்சிய மாவில் வெங்காய ஊத்தப்பம். ஞாயிறு மதியம் அவருக்காக உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்தில் உடம்பு தேற வேண்டியவர்களுக்கு வைக்கும் சாப்பாடு அது. அந்த வேளை நானும் ஒரு கிண்ணம் சாப்பிடுகிறேன்; உளுந்தும் எள்ளும் புரதம் உள்ளவை என்பதால் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை, அளவுதான் வேண்டும்.

வாங்கக் கூடாததும் ஒன்று உண்டு. அவர் தேற வேண்டும் என்ற சாக்கில் ஃபர்சான் என்னும் பொரித்த நொறுக்குத் தீனியும் வேஃபர் என்னும் சிப்ஸும் குளிர்பானமும் வீட்டுக்குள் வரக் கூடாது. ஒல்லியானவர் எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்பது தவறு. கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வதும், அதனால் சர்க்கரை நோய் வருவதும் நம்மவர்களிடம் சாதாரணம். தவிர, அவர் பெயரில் வாங்கிய ஃபர்சானை இரவு பத்து மணிக்குத் தின்றவள் நான்தான்.

எட்டாம் படி: பேச்சைக் கட்டுப்படுத்துதல்

நெய்க் கிண்ணத்தை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள வேண்டாம். அவரவர் பங்கை அவரவரே ஊற்றிக்கொள்ளட்டும். 'இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்', 'உனக்கு இது வேண்டாமே' என்ற இரண்டு வாக்கியங்களும் எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்டவை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க முடியாது. வீடியோ அழைப்பில் என் மாமியார் மகனைப் பார்த்து, "ஏலே, கன்னம் ஒட்டிப் போச்சே, நேரத்துக்குச் சாப்பிடுதியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் என்னைப் பார்த்து, "நீ நல்லாருக்கியா தாயி?" என்பார். இரண்டாம் கேள்விக்குள் முதல் கேள்வியின் பதில் இருப்பது போல் எனக்குத் தோன்றும். ஒரு நாள் கணவரிடமிருந்து கைப்பேசியை வாங்கி, கடலை டப்பாவைத் திறந்து காட்டி, "அத்தை, இது முழுக்க உங்க மகனுக்குத்தான்" என்றேன். அதன் பிறகு ஊரிலிருந்து கருப்பட்டியும் எள்ளுருண்டையும் வரத் தொடங்கின, கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

ஒன்பதாம் படி: எடை பார்த்துத் திருத்துதல்

வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் கழிப்பறை சென்று வந்த பின், உண்பதற்கு முன் எடை பாருங்கள். ஒரு வாரத்து எண்ணை நம்ப வேண்டாம். உப்பு மிகுந்த ஒரு விருந்தோ மாதவிடாய்க்கு முந்தைய நாள்களோ ஒரு கிலோவை ஏற்றிக் காட்டிவிடும். நான்கு வாரத்துப் போக்கைப் பார்க்க வேண்டும். இளைப்பவர் வாரத்துக்கு அரைக் கிலோவைச் சுற்றி இறங்குவதும், தேறுபவர் கால் கிலோவைச் சுற்றி ஏறுவதும் நல்ல வேகம். நான்கு வாரமாக அசையவில்லையென்றால் 100 முதல் 150 கலோரிக்குள் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்: எனக்கு ஒரு சப்பாத்தி குறைவு, அவருக்கு ஒரு பழம் கூடுதல் என்ற அளவில். அவருடைய எடையோடு இடுப்புச் சுற்றளவும் வேகமாக ஏறினால் நெய்யைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். இளைப்பவர் வாரந்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் இழந்தாலோ, முடி கொட்டி, மாதவிடாய் தவறினாலோ உணவைக் கூட்ட வேண்டும். மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

கணேஷ் சதுர்த்தி வாரத்தில் தெருவுக்குத் தெரு மோதகம் வரும். அந்த வாரம் நாங்கள் எடை பார்ப்பதில்லை.

இலக்கை அடைந்த பிறகு

இலக்கு எடை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதால்தான் பலருக்கும் பழைய எடை திரும்புகிறது. வந்த வழியிலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப வேண்டும். அவர் 58 கிலோவைத் தொட்டு, பி.எம்.ஐ. 19-ஐத் தாண்டியபோது முதலில் இரவுப் பாலை ஃபுல் கிரீமிலிருந்து டோன்டுக்கு மாற்றினோம். இரண்டு வாரம் எடை நிற்கிறதா என்று பார்த்து, பிறகு இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றை நிறுத்தினோம். கடலை டப்பா இன்னும் தொடர்கிறது. நான் 62-இல் இருக்கிறேன். இன்னும் நான்கு கிலோ பாக்கி. அது முடிந்ததும் நான் முதலில் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவது கூட்டில் தேங்காயை. அன்றிலிருந்து அந்தச் சட்டியில் பங்கு பிரிக்கும் வேலை இருக்காது. அதுவரை வெந்த காயிலிருந்து என் பங்கை எடுத்து வைக்க எவர்சில்வர் கிண்ணம் ஒன்று அடுப்பின் இடப்பக்கத்தில் தயாராக நிற்கும்.